பொறிக்குள் ஒரு பொறி

எங்கள் பெரியப்பா ஃபிட்டராக வேலை பார்த்தவர். அவர் பயன்படுத்திய கருவிகளில் மூன்று என்னிடம் வந்து சேர்ந்தன: கனத்த வைஸ் ஒன்று, ஒரு பெட்டி நிறைய அரங்கள், உடல் முழுவதும் அலுமினிய வார்ப்பாலான கை டிரில் எந்திரம் ஒன்று. டிரில்லின் பெயர்த்தகடு தேய்ந்து எழுத்துகள் மறைந்துவிட்டன. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் அதன் சக்கில் 12 மில்லிமீட்டர் பிட் வரை மாட்டலாம் என்பதும், இரும்புத் தகட்டில் துளை போடும்போது இன்றைய பிளாஸ்டிக் உடல் டிரில்களைப் போல அது கையில் துள்ளாது என்பதும் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தவை. என் வீட்டுப் பட்டறையில் ஒரு சிறிய லேத் (கடைசல் எந்திரம்) இருக்கிறது, மேசை டிரில்லும் இருக்கிறது. இருந்தாலும் எடுத்துச் சென்று துளையிட வேண்டிய இடங்களுக்கெல்லாம் இந்த டிரில்தான் என்னுடன் வரும்.

அது சில ஆண்டுகளாகப் பொறி கக்கிக்கொண்டிருந்தது. விசையை அழுத்தினால் பின்மூடியின் காற்றுத் துளைகள் வழியே நீல வெளிச்சம் தெரியும். சற்று நேரத்தில் மின்பொறிக்கே உரிய காரமான வாசனை மூக்கில் ஏறும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தை உரசிக் கொடுக்கும் கார்பன் கட்டிகள் தேய்ந்துவிட்டன என்று முடிவுசெய்து, கார்பன் பிரஷ் எனப்படும் அவற்றை இருமுறை மாற்றினேன். இரண்டு முறையும் முதல் சில நாட்கள் அமைதியாக ஓடியது. பிறகு பொறி திரும்ப வந்தது, புதுக் கார்பனும் சில மாதங்களில் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது முறை கார்பன் வாங்கப் போகாமல் எந்திரத்தை முழுவதுமாகப் பிரித்துவிடுவது என்று உறுதிகொண்டேன். தீக்கும் எந்திரத்துக்கும் 'பொறி' என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது அன்று மனத்தில் ஓடியது. நான் இரண்டாண்டுகளாக ஒரு பொறியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னொன்றைப் பார்க்கவில்லை.

இத்தகைய டிரில்லுக்குள் இருப்பது யுனிவர்சல் மோட்டார். அசையாமல் காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலும் உள்ளே சுழலும் ஆர்மேச்சரும் அதில் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மாறுமின்னோட்டம் திசை மாறும்போது இரண்டிலும் ஒரே நேரத்தில் மாறுவதால் சுழற்றும் விசையின் திசை மாறுவதில்லை; அதனால் இது நேர்மின்னோட்டத்திலும் ஓடும், மாறுமின்னோட்டத்திலும் ஓடும். சிறிய உருவத்தில் பெரிய ஆற்றல் தருவதற்குக் காரணம் அதன் வேகம். ஆர்மேச்சர் நிமிடத்துக்கு 15,000 முதல் 25,000 சுற்று வரை சுழல, பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துச் சக்குக்குத் தருகின்றன. என் எந்திரத்தில் பற்களை எண்ணிப் பார்த்தேன். முதல் அடுக்கில் 7-க்கு 41, இரண்டாம் அடுக்கில் 8-க்கு 45. ஏறத்தாழ 33-இல் ஒரு பங்கு. ஆர்மேச்சர் 18,000 சுற்று ஓடினால் சக் 546 சுற்று ஓடும்.

அந்த 18,000 சுற்று என்பது நொடிக்கு 300 சுற்று. ஆர்மேச்சரின் முனையில் கார்பன் உரசும் செப்பு வட்டமான கம்யூட்டேட்டரின் விட்டம் 30 மி.மீ., அதில் 24 செப்புத் துண்டுகள். அப்படியானால் கார்பன் ஒவ்வொரு நொடியும் 7,200 துண்டுகளைக் கடந்து செல்கிறது. செப்பின் மேற்பரப்பு அதன் அடியில் நொடிக்கு 28 மீட்டருக்கும் மேல், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில், உரசிச் செல்கிறது. இந்த வேகத்தில் செப்பு வட்டம் மையத்திலிருந்து ஒரு தலைமயிர் அளவு விலகியிருந்தாலும் கார்பனை நொடிக்கு முந்நூறு முறை அது தூக்கி எறியும். கார்பன் செப்பை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் ஒரு பொறி. இதை முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு ஜோடி கார்பன்களை வீணாக்கியிருக்க மாட்டேன்.

கார்பன் கட்டிக்குப் பிரஷ் என்ற பெயர் பொருந்தாமல் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்ககால டைனமோக்களில் செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி, உண்மையிலேயே தூரிகைபோல, கம்யூட்டேட்டரின் மேல் அழுத்தி வைத்தார்கள். அவை செப்பை அரித்தன, கடுமையாகப் பொறி கக்கின. 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கம்பிக்குப் பதிலாகக் கார்பனைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பொருள் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. கார்பன் தானே மசகாகவும் செயல்படும். அதன் தொடுமின்தடை சற்றுக் கூடுதல் என்பதால், பிரஷ் ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகளைத் தொடும்போது அவற்றுக்கிடையே பாயும் வீண் மின்னோட்டத்தையும் அது கட்டுப்படுத்துகிறது. கையில் பிடித்து ஓட்டும் டிரில்லின் வரலாறும் இதை ஒட்டியே நகர்ந்தது. மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட் 1889-இல் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் 1895-இல் கையில் எடுத்துச் செல்லும் டிரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விரல்விசையும் கொண்ட இன்றைய வடிவத்துக்கு டங்கன் பிளாக்கும் அலோன்ஸோ டெக்கரும் 1917-இல் காப்புரிமை பெற்றார்கள். பெரியப்பாவின் டிரில்லை ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் நூறாண்டுக்கும் மேல் நிலைத்ததன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்கும் முன் பிளக்கைக் கழற்றி என் கண்ணெதிரே மேசைமேல் வைத்தேன். மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே கோட்டுக் கூரால் ஒரு கீறல் போட்டேன்; திரும்பப் பூட்டும்போது அந்தக் கீறல் நேர்கோடாக வந்தால் போதும். திருகுகள் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாதவை. திருகின் காடியை முழுவதுமாக நிரப்பும் அகலத்தில் திருப்புளியின் நுனியைச் சாணை பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருகின் தலையிலும் மெல்ல நான்கு தட்டு தட்டிய பிறகே திருப்பினேன். ஒரு திருகுகூடத் தலை சிதையவில்லை. கார்பன்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைப் புதிதாகச் செய்பவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அவை உள்ளே இருக்கும்போதே ஆர்மேச்சரை இழுத்தால், ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ளிவிட, வெளியேறும் ஆர்மேச்சர் அவற்றை உடைத்துவிடும்.

பின்மூடி கழன்று வந்தபோது காரணம் தெரிந்தது. ஆர்மேச்சரின் சுழல்தண்டான ஷாஃப்டைத் தாங்கும் பின்பக்க பேரிங் உட்காரும் குழியின் சுவரில் சாம்பல் நிறப் பசை ஒன்று பூசியதுபோல இருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்றது: பழைய கிரீஸும் அலுமினியத் தூளும் கலந்த கலவை. அதைத் துடைத்த பிறகு குழியின் சுவர் கண்ணாடிபோல மின்னியது. பேரிங்கின் வெளி வளையமும் அப்படியே மின்னியது. மின்னக்கூடாத இடம் அது. அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய வெளி வளையம் குழிக்குள் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பளபளப்பே சாட்சி. பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினேன். அரைச் சுற்றில் நின்றது. உள்ளே கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டது. குண்டுகள் உருள மறுத்ததால் வளையம் முழுவதும் சுழன்று, மென்மையான அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. 22 மி.மீ. இருக்க வேண்டிய குழி ஒரு திசையில் 22.05, அதற்குக் குறுக்கே 22.14 என்று அளவு காட்டியது. அந்த நீள்வட்டக் குழிக்குள் ஆர்மேச்சரின் பின்முனை ஆடியிருக்கிறது, ஆட்டத்தில் கம்யூட்டேட்டர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது, தேய்ந்த கம்யூட்டேட்டர் கார்பனைத் தூக்கியடித்திருக்கிறது. நான் மாற்றிக்கொண்டிருந்த கார்பன் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

ஆனாலும் ஆர்மேச்சர் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் மேற்கொண்டு வேலை செய்வதில் பொருளில்லை. மோட்டார் காயில் கட்டும் நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "முதல்ல மோந்து பாருங்கண்ணே. கருகின வாசம் இல்லேன்னா பாதி பயம் போச்சு" என்றார். கருகிய வாசம் இல்லை. காயிலின் வார்னிஷ் தேன் நிறத்திலேயே இருந்தது. மல்டிமீட்டரில் அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே சுற்றிலும் 24 இடங்களில் அளந்தபோது எல்லா அளவுகளும் ஒன்றுபோலவே வந்தன; ஓரிடத்தில் அளவு சட்டென்று ஏறியிருந்தால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள், இறங்கியிருந்தால் காயில் குறுக்கே தொட்டிருக்கிறது என்று பொருள். காப்புத்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் ஷாஃப்டுக்கும் இடையே 0.4 மெகாஓம்தான் காட்டியது. ஒரு மெகாஓமுக்குக் கீழே இருக்கும் எதையும் உலோக உடலுள்ள எந்திரத்தில் நான் ஓட்டமாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கார்பன் தூள். அது மின்சாரத்தைக் கடத்தும், ஈரத்தோடு சேர்ந்தால் இன்னும் கடத்தும். தூரிகையால் தட்டி, காற்று ஊதி, ஒரு தகரப் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு அதன் அருகே ஆர்மேச்சரை இரவு முழுவதும் வைத்தேன். காலையில் 20 மெகாஓமைத் தாண்டியிருந்தது.

பேரிங் எளிதாகத் தீர்ந்தது. அதன் எண் 608: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. புல்லரால் பழையதை இழுத்தெடுத்து, இருபுறமும் ரப்பர் மூடியுள்ள புதியதை உள் வளையத்தை மட்டும் தாங்கும் ஒரு குழாயால் அழுத்தி ஏற்றினேன். ஷாஃப்டில் ஏற்றும்போது வெளி வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகளின் வழியே போகும். புது பேரிங் ஏறும்போதே பழுதாகிவிடும்.

குழிதான் இந்த வேலையின் இதயம். பேரிங் பிடிப்புக்கென்றே உள்ள பசையைத் தடவி உட்காரவைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சீராகத் தேய்ந்த குழிக்கு அது சரி. நீள்வட்டமான குழியில் பசை இடைவெளியை நிரப்புமே தவிர மையத்தைத் திருப்பித் தராது. எனவே குழியை 26 மி.மீ.க்குப் பெரிதாக்கி, உள்ளே இரும்பு புஷ் (வளையக் குழாய்) ஒன்றை இறுக்கி, அதைத் திரும்ப 22-க்குக் கடைவது என்று தீர்மானித்தேன். குழியைச் சுற்றியுள்ள சுவர் பெரிதாக்கிய பிறகும் 3 மி.மீ. மிஞ்சும் என்பதை முதலில் அளந்து உறுதிசெய்துகொண்டேன்.

எங்கிருந்து மையம் எடுப்பது என்பதே இதில் எல்லாம். தேய்ந்த குழியிலிருந்து எடுத்தால் தேய்மானத்தையே திரும்பக் கடைந்தவர்கள் ஆவோம். பின்மூடிக்கு ஒரு விளிம்பு உண்டு; அது உடலுக்குள் பொருந்தி உட்கார்ந்து, இரண்டு பேரிங்குகளையும் ஒரே நேர்கோட்டில் வைக்கிறது. தொழிற்சாலையில் செய்தபோது குழி எந்த மையத்தில் கடையப்பட்டதோ அதே மையம் அந்த விளிம்பில் இன்னும் பத்திரமாக இருந்தது. மூடியின் பின்பக்கம் குமிழ்போல இருப்பதால் அது தட்டையாக உட்கார ஒரு அலுமினிய வளையம் கடைந்து, லேத்தின் சுழலும் தட்டான ஃபேஸ் பிளேட்டில் மூன்று கிளாம்புகளால் பிடித்தேன். மிகச் சிறிய ஆட்டத்தையும் அளந்து காட்டும் டயல் கேஜின் முள்ளை விளிம்பின் வெளிச்சுற்றில் வைத்து, கையால் சுழற்றி, மரச்சுத்தியால் மிக மெல்லத் தட்டி, திரும்பச் சுழற்றி, கிளாம்பை இறுக்கி, இறுக்கியதில் நகர்ந்ததைத் திரும்பத் தட்டி என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் போனது. முள்ளின் ஆட்டம் 0.01 மி.மீ.க்குள் வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. கடைந்த நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

புஷ் ஏன் இரும்பு, இறுக்கம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது, இரும்பு ஏறத்தாழ 12 பங்குதான் விரிகிறது. டிரில் ஓடி 50 டிகிரி சூடேறினால் 22 மி.மீ. அலுமினியக் குழி பேரிங்கைவிட 0.012 மி.மீ. கூடுதலாக விரியும். குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடித்திருந்த பேரிங் சூட்டில் தளரும். காய்ந்த பேரிங் சுழலத் தொடங்க அந்தத் தளர்வே வழிவிடுகிறது. பேரிங்கைச் சுற்றி இரும்பு இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும். புஷ்ஷுக்கும் அலுமினியத்துக்கும் இடையேதான் இனி அந்த வேறுபாடு. அங்கே 0.03 மி.மீ. இறுக்கம் வைத்தால், 50 டிகிரி சூட்டில் 0.014 போனாலும் பாதிக்கு மேல் மிஞ்சும். புஷ்ஷின் வெளிவிட்டத்தை 26.03 வைத்து, உள்விட்டத்தை 21.5-இல் நிறுத்தி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் போட்டுவைத்தேன். மூடியை ஃபேஸ் பிளேட்டிலிருந்து கழற்றாமலேயே சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் சுற்றிலும் சூடாக்கினேன். 80 டிகிரி ஏறினால் குழி 0.048 விரியும், உறைந்த புஷ் 0.013 சுருங்கும், இரண்டும் சேர்ந்து உள்ளே விழ 0.03 இடைவெளி தரும். கையுறையோடு புஷ்ஷை எடுத்துக் குழியின் வாயில் வைத்தேன். டக்கென்று அடிவரை போய் உட்கார்ந்தது. சில நொடிகளில் அதை அசைக்க முடியவில்லை.

முழுவதும் ஆறிய பிறகு டயல் கேஜை மீண்டும் வைத்துப் பார்த்தேன். சூட்டில் கிளாம்புகள் நகர்ந்திருக்கவில்லை. புஷ்ஷின் உள்விட்டத்தை அதே பிடிப்பில், கடைசியில் 0.02 மி.மீ. வெட்டுகளாக, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் வெட்டு கூட்டாமல் ஒருமுறை ஓட்டி, கடைந்தேன். உள்விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு அளக்கும் கருவி என்னிடம் இல்லை. புது பேரிங்கே என் அளவுகோல். அதன் வெளிவிட்டம் 22-க்கு மேல் போகாது, 0.009-க்கு மேல் குறையவும் செய்யாது. இரண்டு கட்டைவிரல்களின் அழுத்தத்தில் பேரிங் தயங்கித் தயங்கி உள்ளே போனபோது லேத்தை நிறுத்தினேன்.

அடுத்தது கம்யூட்டேட்டர். ஆர்மேச்சரை லேத்தில் அதன் பேரிங் இடங்களை ஆதாரமாக வைத்துப் பிடித்துப் பார்த்ததில் செப்பு வட்டம் 0.08 மி.மீ. விலகியிருந்தது. காயில்களைத் தாளால் சுற்றிக் கட்டி, கூரான உளியால் 0.05-க்கு மிகாத மெல்லிய வெட்டுகளில் கடைந்தேன். செப்புத் துண்டுகளுக்கிடையே இருப்பது மைக்கா, நம் பழைய சொல்லில் காக்காய்ப்பொன். அது செப்பைவிட மெதுவாகவே தேயும். காலப்போக்கில் செப்பு தாழ்ந்து மைக்கா வரப்புபோல மேலே நின்று, அதுவும் கார்பனைத் தூக்கும். எனவே கடைந்த பின் மைக்காவைச் செப்பின் மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டும். உடைந்த ஹாக்ஸா பிளேடின் பல்லை மைக்காவின் அகலத்துக்குச் சாணையில் மெலித்து, துணிசுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காடியாக இழுத்தேன். மைக்கா வெண்தூளாக வரும். செப்புச் சுருள் வந்தால் பிளேடு வழிமாறிவிட்டது என்று அர்த்தம். 24 காடிகளுக்கு இரண்டு மணி நேரம். செப்பின் விளிம்புகளில் மிகச் சிறிதாகச் சரிவு எடுத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் காடிகளைச் சுத்தம் செய்தேன். மெருகேற்ற மெல்லிய உப்புத்தாள் மட்டுமே. எமரித்தாள் கம்யூட்டேட்டரின் பக்கம் வரவே கூடாது. அதன் துகள்கள் செப்பில் பதிந்து கார்பனை அரிப்பதோடு, காடிகளில் சிக்கினால் மின்சாரத்தைக் கடத்தவும் கூடும்.

புதுக் கார்பன்களின் முகத்தை வட்டத்துக்குப் பொருந்தவைக்க உப்புத்தாளைக் கம்யூட்டேட்டரின் மேல் சொரசொரப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றி, ஆர்மேச்சரைக் கையால் திருப்பினேன். அந்தத் தூளை ஊதி வெளியேற்றினேன். பல்சக்கரங்களில் குறையில்லை, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தேன். பெட்டியை நிறைத்து அடைக்கக்கூடாது, அடைத்தால் கடைந்து கடைந்து சூடேறும். பற்கள் மூழ்கும் அளவு போதும்.

வயரைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய ரப்பர் வயர் வளைத்த இடத்தில் விரல்நகத்துக்கே உதிர்ந்தது. அலுமினிய உடல் கொண்ட எந்திரத்தில் உயிரைக் காப்பது எர்த் கம்பி ஒன்றுதான். இரட்டைக் காப்பு கொண்ட இன்றைய கருவிகளில், சதுரத்துக்குள் சதுரம் என்று குறியிட்டிருப்பார்களே, அவற்றில் அது தேவையில்லை, இதில் இல்லாமல் முடியாது. மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தை உடலில் பெயின்டைச் சுரண்டிய இடத்தில் பல்வாஷரோடு இறுக்கினேன். பிளக்குக்குள் எர்த் கம்பியை மற்ற இரண்டைவிட நீளமாக விட்டேன். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அது கடைசியாகவே பிடுங்கப்பட வேண்டும். மெக்கரில் மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

முதல் ஓட்டத்துக்கு 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்தேன். உள்ளே எங்காவது குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், எந்திரம் தப்பிக்கும். விசையை அழுத்தினேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. சக் மெதுவாகச் சுழன்றது. அப்படியே அரை மணி நேரம் ஓடவிட்டு, கார்பன்கள் முகம் பழகிய பிறகு, பல்பை நீக்கி நேராக இணைத்தேன். அந்த ஓசை எனக்குப் புதிதாக இருந்தது. முன்பு கரகரத்த அடிக்குரல் ஒன்று எப்போதும் சேர்ந்தே வரும். அது எந்திரத்தின் குரல் என்றே எண்ணியிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டுக் காற்றுத் துளைகள் வழியே பார்த்தேன். கார்பனின் விளிம்பில் ஊசிமுனை அளவில் மங்கிய நீலம் ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வாரத்தில் நான்கைந்து நாட்கள் வேலை வாங்கி, மூன்று மாதங்கள் கழித்துக் கார்பன் மூடிகளைத் திறந்து பார்த்தேன். 16 மி.மீ. நீளத்தில் போட்டவை 15.7 இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் கம்யூட்டேட்டரின் மேல் கார்பன் ஓடும் பட்டையில் செப்பின் சிவப்பு மறைந்து, சுற்றிலும் ஒரே சீராகச் சாக்லேட் நிறம் படர்ந்திருந்தது. செப்பு ஆக்சைடும் கிராஃபைட்டும் சேர்ந்து படியும் படலம் அது. கார்பன் செப்பை விட்டு எழாமல் ஓடும் இடத்தில் மட்டுமே அப்படிச் சீராகப் படரும். அதைத் துடைக்காமல் மூடிகளைத் திருகி, டிரில்லைப் பெரியப்பாவின் வைஸுக்குப் பக்கத்தில் அதன் ஆணியில் மாட்டினேன்.